நாக்கைச் சுருட்டும் விதி

கொடுமுடி
7.6.1993

'வாரச் சாளரம்' ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொடுமுடியில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். தங்களுடைய மே 30 இதழின் முப்பத்தொன்றாம் பக்கத்தில், 'அறிவரசு' என்பவர் எழுதும் 'வியப்பு வரிசை' பகுதியில் கீழ்க்கண்ட வரிகள் வந்திருந்தன:

"நாக்கின் இரண்டு ஓரங்களையும் மேலே மடித்துக் குழாய்போலச் சுருட்ட உங்களால் முடிகிறதா? அது பிறவியிலேயே வருவது. தாய்க்கும் வராது, தகப்பனுக்கும் வராது என்றால் பிள்ளைக்கு ஒருநாளும் வராது. இது மரபணுவின் மாறாத விதி!"

இது சரிதானா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அதை எழுதியவர் யார், எந்த வருடம் என்று தெரிவிக்கவும். சரியில்லை என்றால் அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடவும்.

தபால்தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இந்த நான்கு வரியால் ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் அந்த ஆச்சரியக்குறியைப் போட்டது யார் என்றும் தெரிந்தால் நல்லது.

இப்படிக்கு,
ம. பொற்கொடி

•

கோயம்புத்தூர்
18.6.1993

அன்புச் சகோதரி பொற்கொடிக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. வாரம் நூறு கடிதம் வருகிறது. எல்லாவற்றுக்கும் பதில் போட நேரமில்லை. ஆனாலும் ஒரு பெண்மணி அறிவியலில் இவ்வளவு ஆர்வம் காட்டும்போது சும்மா இருக்க மனம் வரவில்லை.

அறிவியல் பொய் சொல்லாது, சகோதரி. மனித உடலே ஒரு அதிசயச் சுரங்கம். நம் உடலின் மிகச் சிறிய எலும்பு காதுக்குள் இருக்கிறது, அரிசி மணியைவிடச் சிறியது. தொடை எலும்பு, அதே கனமுள்ள கான்கிரீட்டைவிட உறுதியானது. இறந்த பிறகும் நகமும் முடியும் வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு யாராலும் தும்ம முடியாது. திறந்தால் விழி வெளியே வந்துவிடும். தாங்கள் தட்டச்சு ஆசிரியை என்பதால் இன்னொன்று: 'டைப்ரைட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை மேல் வரிசை எழுத்துகளாலேயே அடித்துவிடலாம். தெரியுமா?

நாக்கு விஷயம் பெரிய பெரிய ஆங்கில நூல்களில் இருப்பது. ஐயம் வேண்டாம். இந்த வார இதழ் ஒன்றை இலவசமாக இணைத்திருக்கிறேன். தொடர்ந்து படியுங்கள்.

அன்புடன்,
அறிவரசு

•

கொடுமுடி
23.6.1993

திரு. அறிவரசு அவர்களுக்கு,

நான் உங்கள் சகோதரி இல்லை. புத்தகம் எது, ஆள் யார், வருடம் என்ன என்று மூன்று கேட்டேன். நீங்கள் ஐந்து துணுக்கும் ஓர் இலவச இதழும் அனுப்பியிருக்கிறீர்கள்.

டைப்ரைட்டர் சொல் சரி. அடித்துப் பார்த்தேன். தும்மல் தவறு. பக்கத்துக் கடையில் மூக்குப்பொடி வாங்கி, இரண்டு விரலால் இமைகளைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தும்மினேன். விழிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றால்தான் இந்தக் கடிதத்தைப் பார்த்து எழுதுகிறேன்.

நான் சொன்ன அந்த வீடு என் வீடு.

என் கணவர் மயில்சாமி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் எங்களுக்கு முன்னால் எல்லோரும் காட்டுவேலைக்குப் போனவர்கள். எழுத்துக் கூட்டிப் படித்தவர்கூட இல்லை. இவர் ஏழாவதோடு நின்றுவிட்டு, பழைய பத்திரிகைகளைப் பார்த்தே தடங்கலில்லாமல் படிக்கக் கற்றுக்கொண்டார். உங்கள் பகுதியை வாரம் தவறாமல் வெட்டி நோட்டில் ஒட்டுவார். நான்கு நோட்டு நிறைந்துவிட்டது. "அறிவரசு எழுதிப்போட்டாருன்னா அதுக்கு மேல பேச்சில்லீங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து அவருடைய அக்கா பாவாத்தாள் வந்திருந்தார். இவர் உங்கள் துணுக்கைச் சத்தமாகப் படித்தார். முதல் வரியைப் படித்ததும் எல்லோரும் நாக்கை நீட்டினோம். இவருக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. எங்கள் மகள் கயல்விழிக்கு எட்டு வயது. அவள் அழகாகக் குழாய்போலச் சுருட்டிக்கொண்டு, "அப்பா, எனக்கு வருது பாருங்க!" என்று குதித்தாள். எல்லோரும் சிரித்தோம். இவர் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

பாவாத்தாள் மட்டும், "எங்க தம்பி, இன்னொருக்காப் படி" என்றார்.

கயல் எட்டாம் மாதத்தில் பிறந்தவள். பிறந்தபோதே கல்யாணத் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணிய அம்மாள் அவர். அப்போது என் கணவர் அவரைத் திட்டி அனுப்பினார். இப்போது திட்டவில்லை.

அன்றிலிருந்து இவர் கடையிலேயே படுக்கிறார். சாப்பிட மட்டும் வருகிறார். குழந்தை "அப்பா" என்றால் சுவரைப் பார்க்கிறார். ஆகஸ்ட் 22 அன்று மேட்டுப்பாளையத்தில் பாவாத்தாளின் கடைசி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் இவர் போயாக வேண்டும். "சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கறப்பவே இதையும் உக்காந்து பேசிப்போடலாம்" என்று அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. என்னிடம் நாற்பத்தொரு பேர் தட்டச்சு படிக்கிறார்கள். எல்லோர் நாக்கையும் பார்த்தேன். ஊஞ்சலூரிலிருந்து இரட்டைப் பெண்கள் வருகிறார்கள். அச்சில் வார்த்ததுபோல ஒரே முகம். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம். ஒருத்திக்கு நாக்கு சுருளுகிறது, மற்றவளுக்கு இல்லை. மாறாத விதி இவர்களிடம் ஏன் மாறியது? இன்னொரு பையனுக்குச் சுருளுகிறது. அவன் அம்மா அப்பா இருவரையும் வரவழைத்து நாக்கை நீட்டச் சொன்னேன். இருவருக்கும் வரவில்லை. எதற்கு என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு வீடு.

திருத்தம் போடுங்கள்.

ம. பொற்கொடி

•

கோயம்புத்தூர்
5.7.1993

பொற்கொடி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். மேலே படிக்க முடியாமல் மாடிப்படிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படித்தேன்.

அறிவரசு என்று யாரும் இல்லை. என் பெயர் பிரான்சிஸ். இங்கே பிழை திருத்துகிறவன். படித்தது பி.ஏ. வரலாறு. மூன்று வருடத்துக்கு முன் முப்பத்தொன்றாம் பக்கத்தில் வர வேண்டிய விளம்பரம் ஒன்று கடைசி நிமிடத்தில் வரவில்லை. "பிரான்சிஸ், எதையாவது போட்டு நிரப்புய்யா" என்றார் ஆசிரியர். அன்றைக்குப் பிடித்த சனி. உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை இல்லாத ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதிலிருந்துதான் வாரம் ஐந்தைந்தாக எடுத்துப் போடுகிறேன். முதல் எட்டுப் பக்கமும் கிழிந்துபோனதால் எழுதியவர் பெயரோ வருடமோ எனக்கே தெரியாது. ஆச்சரியக்குறி நான் போட்டது. வரியின் முடிவில் ஓர் எழுத்துக்கு இடம் இருந்தது.

மூக்குப்பொடி போட்டு ஒரு துணுக்கைச் சோதித்துப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு அது தோன்றியதே இல்லை.

ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் உம்மல் குல்சும் என்ற பேராசிரியையைத் தேடிப் போனேன். உள்ளே விடவே இரண்டு நாள் ஆனது. துணுக்கைக் காட்டினேன். "ஏனுங்க, இதையெல்லாம் யாருகிட்டயாவது காட்டிட்டுப் போடமாட்டீங்களா?" என்றார். நாக்கைப் பற்றி முதலில் அப்படி எழுதிய அமெரிக்க விஞ்ஞானியே, பின்னால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடம் அது வேறுபடுவதைப் பார்த்து, தன் கருத்து சரியில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டாராம். அவர் ஒப்புக்கொண்டே இருபத்தெட்டு வருடம் ஆகிறது. உங்கள் ஊஞ்சலூர்ப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். "அந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். தட்டச்சில் ஹையர் தேர்வு என்றேன். உடனே கல்லூரித் தாளில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். அதை இணைத்திருக்கிறேன். நகம் வளர்வதும் தவறாம். இறந்தபின் தோல் சுருங்குவதால் அப்படித் தெரிகிறதாம். புத்தகம் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார்.

திருத்தத்துக்கு ஆசிரியரிடம் கேட்டேன். "துணுக்குக்கெல்லாம் மறுப்பு போட ஆரம்பிச்சா பத்திரிகையே மறுப்பாத்தான் வரும். போய் வேலையப் பாரு" என்கிறார். இரண்டு முறை கேட்டாகிவிட்டது. பேராசிரியையின் கடிதத்தைக் காட்டுங்கள். அது போதும் என்று நம்புகிறேன்.

பிரான்சிஸ்

•

கொடுமுடி
10.7.1993

திரு. பிரான்சிஸ் அவர்களுக்கு,

காட்டினேன். போதவில்லை.

என் கணவர் அந்தக் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நீ கேட்டிருப்ப, அவங்க எழுதிக் குடுத்திருப்பாங்க. கையில எழுதறது ஆரு வேண்ணாலும் எழுதலாம். இது அச்சுல வந்திருக்குதல்ல?" என்று உங்கள் துணுக்கு ஒட்டிய நோட்டை எடுத்து வைத்தார். ஒன்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதருக்கு என் பேச்சு பேச்சில்லை. படித்த பேராசிரியையின் கையெழுத்து கையெழுத்தில்லை. அட்டை கிழிந்த புத்தகத்திலிருந்து நீங்கள் இடம் நிரப்ப எடுத்துப் போட்டது மட்டும் வேதம்.

"அறிவரசுன்னு ஆளே இல்லீங்க, அவரு புரூப் பாக்கறவரு" என்று சொல்லிப் பார்த்தேன். என் தப்பை மறைக்க இப்போது அவர்மேலேயே பழி போடுகிறேனாம்.

எனக்குக் கோபம் வருவது ஒரு பக்கம் இருக்கட்டும். நேற்றுக் கயல்விழி சாப்பிடும்போது வாயைத் திறக்காமல் மென்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலும் பாட்டுச் சொல்வதில்லை என்று டீச்சர் சொன்னார். கேட்டால், "நாக்க நேராவே வெச்சுப் பழகிட்டிருக்கேனுங்கம்மா. சுருட்ட வராமப் போயிருச்சுன்னா அப்பா பேசுவாரல்ல?" என்கிறாள்.

அச்சில் சொன்னதை அச்சில்தான் எடுக்க வேண்டும். உங்களால் முடியாதென்றால் முடியாது என்று ஒரு கார்டு போடுங்கள். நம்பிக்கொண்டிருக்கும் வேலையாவது மிச்சமாகும்.

பொற்கொடி

•

கோயம்புத்தூர்
19.8.1993

பொற்கொடி அம்மா அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். முடியாது என்று எழுத கார்டு வாங்கினேன். எழுதவில்லை. முடியும் என்று எழுதவும் வழி தெரியவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது ஆசிரியர், அந்தப் பக்கத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்துக்கொண்டு போகட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தப் பக்கம் என் கையில் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு நெருப்புக்கோழியைப் பற்றி எழுதினேன்.

22-ஆம் தேதி இதழின் வேலை நேற்று முடிந்தது. ஆசிரியர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அச்சுக்கு அனுப்புமுன் பக்கங்களைக் கடைசியாகப் பார்க்கிறவன் நான்தான். கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கும் வேலுமணி என்ற பெண்ணிடம் நெருப்புக்கோழியை எடுத்துவிட்டு இதைப் போடச் சொன்னேன். படித்துப் பார்த்தாள். "உங்க பேரையே போடறதுங்களா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அவள் பெயர் எங்கும் வராது, பழி முழுக்க என்மேல்தான்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் முதலாவதாக இருக்கிறது. சுற்றிலும் கோடு போட்டுப் பெட்டி கட்டியிருக்கிறேன். மூன்று முறை பிழை பார்த்தேன். என் வாழ்நாளில் எதையும் இப்படிப் பார்த்ததில்லை. ஆச்சரியக்குறி கிடையாது.

ஞாயிறு காலை கடைகளுக்கு வந்துவிடும். திங்கட்கிழமை ஆசிரியர் பார்ப்பார். அதற்குப் பிறகு எனக்கு இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். உறையின் பின்னால் வீட்டு விலாசம் எழுதியிருக்கிறேன். என்ன நடந்தது என்று தெரிவித்தால் நிம்மதியாக இருக்கும். தெரிவிக்காவிட்டாலும் கேட்கிற உரிமை எனக்கில்லை.

பிரான்சிஸ்

•

கொடுமுடி
6.9.1993

திரு. பிரான்சிஸ் அவர்களுக்கு,

உங்களுக்கு வேலை போய்விட்டது என்று பத்திரிகைக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். வருந்துகிறேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. மே மாதம் உங்களுக்கு வேலை போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனாலும் நீங்கள் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அதனால் நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம் கிடைத்தது. என் கணவர் முந்தின நாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஞாயிறு விடியற்காலை நானும் கயலும் பஸ் ஏறினோம். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் இதழை வாங்கி, நின்ற இடத்திலேயே படித்தேன். "மே 30 இதழில் நான் எழுதிய நாக்கு பற்றிய செய்தி தவறு. பெற்றோர் இருவருக்கும் வராவிட்டாலும் பிள்ளைக்கு வரலாம். ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதுண்டு. இதை வைத்து யாருடைய பிறப்பையும் அளக்க முடியாது. சரிபார்க்காமல் எழுதியது என் குற்றம்." இரண்டு முறை படித்துவிட்டுப் பையில் வைத்தேன். கூட்டத்தில் என்னைக் குற்றவாளி ஆக்கட்டும், பிறகு எடுத்து முகத்தில் வீசுவது போலக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன்.

காதுகுத்து முடிந்து பந்தி நடந்தது. பாவாத்தாள் என்னைப் பார்த்துக்கொண்டே பெரியவர்களிடம் குனிந்து குனிந்து பேசினார். நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு பெரியவர், "என்னமோ நாக்கு நாக்குங்கறீங்க, என்னதான் அது, சுருட்டிக் காட்டுங்க பாக்கலாம்" என்றார். பாவாத்தாளின் கணவர் மாசாணம் காய்கறி மண்டியில் மேஸ்திரி, வேடிக்கையான மனிதர். அவர் முதலில் நாக்கை நீட்டினார். வரவில்லை. "நமக்கு வராதுங்க" என்று சிரித்தார். பாவாத்தாள், "எனக்கும் வராது, என்ற தம்பிக்கும் வராது. நம்மூட்டுல ஆருக்கும் வராது. அதானே சொல்றேன்" என்றார்.

அவருடைய மூத்த மகன் பிரவின்குமார் பன்னிரண்டு வயதுப் பையன். பாயசம் குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இதானுங்களா? எனக்கு வருமே!" என்று நாக்கை நீட்டினான். கயல் சுருட்டுவதைவிட நன்றாகச் சுருண்டது.

மாசாணத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார். பெரியவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பாவாத்தாளின் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உத்தமி இல்லை, பிரான்சிஸ். என் கை பைக்குள் இதழின் மேல் இருந்தது. எடுக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஒரு நாள் போதும், ஒரு ராத்திரி போதும், அந்த அம்மாளும் தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. ஆனால் பிரவின்குமார் நாக்கை நீட்டிக்கொண்டே, யாரும் ஏன் சிரிக்கவில்லை என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் மகளும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்தாள்.

இதழை எடுத்து எழுந்து நின்று படித்தேன். தட்டச்சு வகுப்பில் சொல்லி எழுதவைப்பது போல, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். முடித்ததும் பெரியவர் வாங்கித் தன் பேரனிடம் கொடுத்து இன்னொரு முறை படிக்கவைத்தார். "அச்சுலதான் இருக்குதுங்க தாத்தா" என்றான் அவன். பாவாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அம்மணி, நான் உனக்கு என்ன பண்ணிப்போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சமாதானம் சொல்லவில்லை. கையை உதறவும் இல்லை.

என் கணவர் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். ஊர் திரும்பும்போது ஈரோடு பஸ் ஸ்டாண்டில், "தப்புப் பண்ணிப்போட்டேன் பொற்கொடி" என்றார். "அச்சுல வந்ததால சொல்றீங்க. நான் சொன்னதுக்காகச் சொல்ற அன்னிக்கு வாங்க" என்றேன். "இப்ப நான் என்ன பண்ணோணும்னு சொல்லு" என்றார். "என்கிட்ட அப்பறம். மொதல்ல உங்க மககிட்டக் கேளுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டார். "கண்ணு, அப்பா என்ன பண்ணினா நீ பேசுவ?"

கயல் உள்ளே போய்ப் புத்தகப் பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள். மே 30-இலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கே தெரியாது. அவர் கையில் கொடுத்து, "எம்பத்திநாலு நாள் நீங்க என்னோட பேசலீங்க. நானும் எம்பத்திநாலு நாள் பேசமாட்டேனுங்க" என்றாள். மரியாதை குறையாமல்தான் சொன்னாள்.

அவர் இப்போது வீட்டில்தான் படுக்கிறார். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறார், கோணலாக. அவளும் உட்கார்ந்துகொள்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்கிறாள், என்னிடம் ஓயாமல் பேசுகிறாள், அவர் வந்தால் நிறுத்திவிடுகிறாள். தினமும் ராத்திரி அவரே காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அவளிடம் கொடுக்கிறார். வாங்கி எண்ணி வைத்துக்கொள்கிறாள். நேற்று என்னிடம் வந்து, "நீயாவது அவகிட்டச் சொல்லேன்" என்றார்.

நான் தலையிடவில்லை. இன்றைக்குப் பதினைந்தாவது நாள்.

பொற்கொடி